களியா, பரோட்டாவா: தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுச் செலவுக் கணக்கு

"சத்தா சாப்பிடணும்னா கையில காசு வேணும்" என்ற பேச்சு எங்கள் பக்கம் டீக்கடையில் ஆரம்பித்து ஆஸ்பத்திரி வரிசை வரை கேட்கும். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காததால்தான் டாக்டர் சொல்லும் அறிவுரை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அதனால் நம் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தினமும் ஒன்றோடொன்று போட்டி போடும் சாப்பாடுகளை எதிரெதிரே வைத்துக் கணக்குப் போடுகிறேன். விலையெல்லாம் சில்லறைக் கடையில் கொடுக்கும் ஏறக்குறைய விலைதான். சீசனைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும்.

முதலில் இரவுச் சாப்பாடு

வீட்டில் நான்கு பேர். ஒரு பக்கம் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், ஆளுக்கு ஒரு முட்டை. மாவு 600 கிராம், கிலோ 55 என்றால் 33 ரூபாய். நொய்க்கு ரேஷன் அரிசியே போதும். கீரை இரண்டு கட்டு 25. துவரம்பருப்பு 100 கிராம், வெளிக்கடை விலையில் 13. வெங்காயம், தக்காளி, பூண்டு, மிளகாய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 20. முட்டை நாலுக்கு 28. கேஸ் 10. ஆக 130 ரூபாய் பக்கம்.

இன்னொரு பக்கம் பரோட்டா பார்சல். பெரியவர்களுக்கு மூன்று, பிள்ளைகளுக்கு இரண்டு, மொத்தம் பத்து. ஒன்று 15 என்றால் 150. சால்னாவுக்குக் காசில்லை. அந்தப் பக்கம் முட்டை இருந்ததால் இங்கேயும் ஆளுக்கு ஒரு ஆம்லெட் வைப்பதுதான் நியாயம், அது 60. ஆக 210.

சத்துக் கணக்கில் இரண்டும் பக்கத்தில்கூட வராது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 600 கிராம் மாவை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வரும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படுவது 1000. கேழ்வரகில் உள்ள அத்தனை கால்சியமும் உடம்பில் சேர்ந்துவிடாது என்பது உண்மை. அப்படியிருந்தும் மைதா பக்கத்தில்கூட நிற்க முடியாது. நார்ச்சத்து கேழ்வரகில் 100 கிராமுக்குப் 11 கிராம் அளவுக்கு, மைதாவில் மூன்றுக்கும் கீழே.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நினைத்துக்கொண்டு இரண்டு பெரிய உருண்டையை உள்ளே தள்ளுபவர்கள் நிறைய. அதுவும் மாவுச்சத்துதான், ஏறும். சின்ன உருண்டையும் நிறைய கடைசலும், அவரையோ மொச்சையோ போட்ட குழம்பும் இருந்தால்தான் களிக்கு உண்டான பலன் கிடைக்கும்.

சரி, 80 ரூபாய் மிச்சம், சத்தும் அதிகம். பிறகு ஏன் ஏழு மணிக்கு பரோட்டாக் கடையில் கூட்டம் நிற்கிறது? காரணம் அடுப்படியில் இருக்கிறது. கேழ்வரகை வாங்கிப் புடைத்து, கல் பார்த்து, மில்லுக்கு எடுத்துப் போய் அரைத்து வர வேண்டும். உலை கொதித்து, நொய் வெந்து, மாவைக் குவியலாகக் கொட்டி, அது நடுவில் வெடித்துக் கொதிக்கும் வரை காத்திருந்து, பாத்திரத்தைக் காலால் அண்டக் கொடுத்துத் துடுப்பால் கிண்ட வேண்டும். கட்டி தட்டாமல் வர, தோள் வலிக்கக் கிண்ட வேண்டும். கீரை ஆய்வது தனி வேலை. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் ஊர் திரும்பும் ஒரு பெண் சொன்னது: "கீரை வாங்கிடலாம்ணா. ஆயறதுக்கு நேரத்த யார் குடுப்பாங்க?"

மேலே 130 என்று எழுதும்போது அவருடைய நேரத்துக்கு நான் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. போட்டுப் பார்க்கலாம். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. களி, கடைசல், பாத்திரம் கழுவுவது எல்லாம் ஒன்றரை மணி நேரம் என்றால் 63 ரூபாய். 130-ம் 63-ம் 193. பரோட்டா 210. இப்போதும் களிதான் மலிவு, ஆனால் வித்தியாசம் 17 ரூபாய்க்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் முட்டையை எடுத்துவிட்டால் களி 165, பரோட்டா 150. பரோட்டா ஜெயித்துவிடும்.

ஒப்பிட வேண்டிய விலை இதுதான் என்பது என் முடிவு. வீட்டுப் பெண்களின் உழைப்புக்குச் சுழி போட்டுவிட்டு "நம்ம பாரம்பரிய உணவு மலிவு" என்று மேடையில் பேசுபவர்கள், துடுப்பு யார் கையில் இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தை ஆண்களும் பங்கிட்டால் கணக்கு அன்றைக்கே மாறும். கீரை ஆய்வதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை.

ரேஷன் கடை யார் பக்கம்?

அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசம். பாமாயில் லிட்டர் 25, துவரம்பருப்பு கிலோ 30. பருப்பு விஷயத்தில் ரேஷன் நல்ல சாப்பாட்டின் பக்கம் நிற்கிறது. மேலே நான் போட்ட 13 ரூபாய் பருப்பு ரேஷனில் 3 ரூபாய்தான். தானியத்தில் அப்படி இல்லை. தீட்டிய அரிசி சும்மா கிடைக்கும்போது 50 ரூபாய் கொடுத்துக் கேழ்வரகு வாங்கு என்று கூலி வீட்டில் யாரிடம் சொல்வது? 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் போட்ட கணக்குப்படி அந்த 2 கிலோ, நான்கு பேர் வீட்டில் மூன்று ராத்திரிக்குத்தான் வரும். 2025-26-க்குக் கேழ்வரகின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். தேன்கனிக்கோட்டை, தளி, பென்னாகரம் மானாவாரிக் காட்டில் விளைவதை அந்த விலைக்கு வாங்கி, இதே மாவட்டத்து ரேஷன் கடையில் அளவை ஏற்றிப் போட்டால் விவசாயிக்கும் நல்லது, சாப்பிடுகிறவருக்கும் நல்லது.

வரியையும் பார்த்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட்டில் வரும் பரோட்டாவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பிஸ்கட்டுக்கு 18-லிருந்து 5 சதவீதம். இனிப்பு சேர்த்த கேஸ் பானங்களுக்கோ 40. அந்த ஒரு கடைசி முடிவை மனதார வரவேற்கிறேன்.

பத்து ரூபாய் நாணயம்

கிலோ விலையில் பார்த்தால் கெட்ட தீனி எதுவும் மலிவில்லை. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் இருப்பது இருபது, இருபத்தைந்து கிராம். கிலோவுக்கு 400 ரூபாய்க்குக் குறையாது. நிலக்கடலைப் பருப்பு கிலோ 130. அதே பத்து ரூபாய்க்கு 75 கிராம் கடலை வரும். நூறு கிராம் கடலையில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. உரித்த முட்டையில் 13. தருமபுரி மாவட்டத்தில் கடலை விளையாத பக்கம் உண்டா?

ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கிலோ கணக்கில் வாங்குவதில்லை. கையில் பத்து ரூபாய். பெட்டிக்கடையில் சரம் சரமாக, பிள்ளையின் கண்ணுக்கு நேரே தொங்குவது பாக்கெட். கடைக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சரக்கு வண்டி வாசலுக்கே வருகிறது, மாதக்கணக்கில் கெடாது. அவித்த கடலையோ வெட்டிய கொய்யாவோ வைத்தால் மீந்தது ராத்திரியே குப்பைக்குப் போகும். நஷ்டம் அவர் தலையில். அழுகிப்போவதன் நஷ்டத்தை யார் தாங்குவது என்பதில்தான் இந்தப் போட்டி முடிவாகிறது. கெடாத தீனியைத்தான் பத்து ரூபாய்க்குப் பிரித்து விற்க முடிகிறது. கடலைமிட்டாய் ஒன்றுதான் இதில் சமமாக நிற்கிறது: கெடாது, ஐந்து ரூபாய்க்கும் கிடைக்கும், வெல்லம் இருந்தாலும் உள்ளே கடலை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்று பிள்ளை கேட்டால் யோசிக்காமல் அதை வாங்கிக் கொடுக்கலாம்.

மாம்பழமும் மாம்பழ பாட்டிலும்

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோட்டத்து பெங்களூரா ரக மாம்பழம் பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிறது. 2025 சீசனில் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு விலை இறங்கி, விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அந்தக் கூழில் கொஞ்சம், தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்து, பாட்டிலில் அடைபட்டுத் திரும்பி வருகிறது. பழ பானம் என்று பெயர் போட உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்பது குறைந்தது 10 சதவீதப் பழச்சாறு. மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர். கால் லிட்டர் பாட்டிலில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம், லேபிளிலேயே போட்டிருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளுக்கே 25 கிராம் போதும் என்கிறது. சீசனில் அரை கிலோ செந்தூராவை பாட்டில் விலைக்கே வாங்கிவிடலாம். பழத்துக்கு உள்ள ஒரே குறை, மூன்று மாதம்தான் வரும். மற்ற மாதங்களில் கொய்யா, பப்பாளி.

"ஹெல்தி" அலமாரி

சத்தான சாப்பாடு விலை அதிகம் என்ற பேச்சுக்குப் பெரிய காரணம் இந்த அலமாரிதான். சிறுதானிய பிஸ்கட், சத்துமாவு டப்பா, ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய். சிறுதானிய பிஸ்கட் வாங்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள். பல பாக்கெட்டில் மைதா, சர்க்கரை, பாமாயிலுக்குப் பிறகுதான் கேழ்வரகு வரும். இந்த அலமாரியை மொத்தமாக விட்டுவிட்டாலும் உடம்புக்கு ஒன்றும் குறையாது.

சாமை விஷயம் வேறு. அது அரிசியைவிட விலை கூடுதலாக இருக்க நியாயமான காரணம் உண்டு: உமி நீக்கினால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அதற்கான மில்லும் குறைவு. கேழ்வரகுக்கு உமி நீக்கும் வேலையே இல்லை, நேரே அரைக்கலாம். கையில் காசு குறைவு என்றால் சாமையை விட்டுவிட்டுக் கேழ்வரகையே பிடித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான அந்தப் பாதி

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் தட்டு இப்படி: தானியம் 250 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100, பருப்பு அல்லது முட்டை, கறி 85, கொட்டை வகை 35, பால் 300 மில்லி, எண்ணெய் 27. மிக மலிவாகவே வாங்குகிறேன். தானியம் கேழ்வரகு, 12 ரூபாய். காய் 16. பழம் 8. பருப்பு 11. கொட்டைக்குப் பதில் கடலை, 5. ஆவின் பச்சை பாக்கெட் லிட்டர் 44 என்ற கணக்கில் பால் 13. எண்ணெய் 5. மொத்தம் 70. நான்கு பேருக்கு 280, மாதம் 8,400. உப்பு, புளி, கேஸ் இதில் இல்லை. நாள் கூலி 336, அதுவும் வேலை கிடைத்த நாளில் மட்டும் என்ற வீட்டில் இந்தத் தட்டு வைக்க முடியாது. 2024-ல் வந்த ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை, 2022-ல் இந்தியரில் பாதிப்பேருக்கு மேல் சத்தான உணவை வாங்க வசதியில்லாமல் இருந்தார்கள் என்று சொன்னது. நம் ஊர்க் கணக்கும் அங்கேதான் போய் நிற்கிறது.

இந்த 70-ல் தானியம் வெறும் 12. காய், பழம், பால் மூன்றும் 37. அரிசியா கேழ்வரகா என்று நாம் சண்டை போடும் இடம் செலவின் சின்ன மூலை. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்தால் பறிகூலிகூடக் கிடைக்காமல் ரோட்டோரம் கொட்டுகிறார்கள். அதே மாவட்டத்தில் பல வீட்டுக் குழம்பில் காய் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. செலவைக் குறைக்கும் வழிகளில் நான் நம்புவது வேலியோர முருங்கை, பண்ணைக்கீரை, கொள்ளு, கடலை. பாலுக்கு மட்டும் இணையான மலிவுப் பண்டம் இல்லை.

தள்ளிப்போட்ட செலவையும் சேர்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே இலவசமாக வருகிறது. ஆனால் கால் புண்ணுக்கும் கிட்னிக்கும் ஆகும் பஸ் செலவும் போன கூலியும் இலவசம் இல்லை. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. வயிறு நிறைந்தும் சத்து சேராத சாப்பாட்டின் விளைவு இது.

விலை, சத்து, நேரம் என்ற மூன்று கணக்கிலும் நல்ல சாப்பாடு ஜெயிக்கும் ஒரு ஜோடி இருக்கிறது. கூழ் வண்டி. ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழோ கம்மங்கூழோ 25 ரூபாய், மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாயோடு. எதிரே மூன்று பஜ்ஜியும் டீயும் 40. கூழ்தான் மலிவு, கூழ்தான் சத்து, நின்ற இடத்தில் குடித்துவிட்டுப் போகலாம். கிண்டுகிற வேலையை ஒருவர் நூறு பேருக்குச் சேர்த்துச் செய்துவிடுகிறார். வெயில் குறைந்தால் வண்டி காணாமல் போகிறது, சாயங்காலம் நிற்பதில்லை. உழவர் சந்தையிலும் காய் வியாபாரம் காலையோடு முடிந்துவிடும். மகளிர் குழுக்களுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பஸ் ஸ்டாண்டுகளில் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை இடம் கொடுத்து, ஆய்ந்து கழுவிய கீரை ஒரு பை 20 ரூபாய்க்கும், களி உருண்டையும் கடைசலும் 30 ரூபாய்க்கும் விற்கச் செய்தால், மேலே வந்த 63 ரூபாய் பெரும்பாலும் கழிந்துவிடும். மாவட்ட நிர்வாகம் முதலில் ஓசூரிலேயே, ஷிப்ட் பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே ஆரம்பிக்கலாம்.