மூங்கில் நாற்றுக்குத் தயார் மண் கலவை வாங்கப்போகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் சின்ன நாற்றங்கால் வைத்திருக்கிறேன். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. அப்பா காலத்துக் கணக்கு இது. அதை விட்டுவிட்டு, கைப்பேசியில் பொருள் விற்கும் தளம் ஒன்றில் "மட்கிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தயார் கலவை" என்று பார்த்து 18,500 ரூபாய் கட்டினேன். மணல் விற்கிற விலைக்கு இது லாபம் என்று கணக்குப் போட்ட புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விற்றவர் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணாச்சி, நானும் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன்தான். உங்களை ஏமாற்றிவிட்டு எங்கே போகப்போகிறேன்?" அந்த ஒரு "அண்ணாச்சி"யில் விழுந்தேன். மூட்டைகள் வந்து இறங்கியபோது உள்ளே கையை விட்டுக்கூடப் பார்க்கவில்லை.

600 பைகளில் நிரப்பி நட்டேன். மூன்றாவது வாரம் அடியிலைகள் மஞ்சளாயின. பிறகு நுனி கருகியது. மிச்ச மூட்டையைப் பிரித்துக் கிளறினால் அத்தனையும் பச்சை நார்த்தூள்! மட்காத நார்க்கழிவில் தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) கரிச்சத்து (கார்பன்) நூறு மடங்குக்கு மேல். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய தழைச்சத்தைத் தின்றுவிடும். மூங்கில் புல் இனம், தழைச்சத்து இல்லாமல் எப்படி எழும்பும்? பழைய கலவையில் வைத்த 40 நாற்றுகள் பக்கத்திலேயே பச்சைப்பசேலென்று நிற்கின்றன. அதே நாற்று, அதே தண்ணீர், அதே வெயில்.

விற்றவரிடம் கேட்டால், "தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள்" என்றார். மறுநாள், "பைக்கு ஒரு கைப்பிடி யூரியா போடுங்கள்" என்றார். 20 பைகளில் அதில் பாதிதான் போட்டேன். நான்கே நாளில் வைக்கோல். அதன்பின் போனை எடுக்கவே இல்லை. தளத்துக்காரர்களோ, பொருள் கிடைத்த 7 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம். மண்ணின் குறை 7 நாளில் நாற்றில் தெரியுமா, ஐயா? 18,500 ரூபாய்! நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மூட்டைக்குள் கையை விடுங்கள். சூடு இருந்தால் இன்னும் மட்கி முடியவில்லை என்று அர்த்தம், வாங்காதீர்கள். முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். பத்துப் பையில் நட்டு ஒரு மாதம் பாருங்கள். யூரியாவைக் கைப்பிடியால் அளக்கச் சொல்கிறவனை நம்பாதீர்கள்.

ஐப்பசி மழைக்கு நாற்று கேட்டு முன்பணம் தந்த கடையம் ஊர்க்காரர் நாளைக் காலையில் வருகிறார். அவரிடம் காட்ட அந்த 40 நாற்றுதான் இருக்கிறது. 18,500 ரூபாய்.