சாக்கில் தெளித்தால் ஆறு மாதம் வண்டு வராது என்று விற்கும் மூலிகை எண்ணெயை வாங்காதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் நெல்லும் பயறும் வீட்டில் இருப்பு வைக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். அறுவடை முடிந்த கையோடு அந்த வியாபாரம் மறுபடி தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டிலும் அதே பாட்டிலைப் பார்த்தேன்.

வேன் வண்டியில் வீடு வீடாக வருகிறார்கள். தமிழ், மலையாளம் இரண்டும் சரளம். “அம்மா, இது முழுக்க மூலிகை. யூகலிப்டஸ், கிராம்பு, வசம்பு. மாத்திரை மாதிரி உயிருக்கு ஆபத்து கிடையாது. சாக்கு மேலே தெளித்துவிட்டால் போதும், முட்டை முதல் வண்டு வரை எதுவும் தங்காது” என்று என் அம்மாவிடம் சொல்லி விற்றார்கள். ஒரு லிட்டர் 1,400 ரூபாய். மாத்திரை என்றது, தானியத்தில் வண்டைக் கொல்ல வைக்கும், நச்சு வாயு விடும் அலுமினியம் பாஸ்பைடை. அதைக் கண்டு பயப்படுவது நியாயம்தான், குடியிருக்கும் வீட்டுக்குள் அதை வைக்கவே கூடாது. அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

தட்டைப்பயறு மூட்டைகளுக்கும் ஒரு விதைநெல் மூட்டைக்கும் அவர்கள் சொன்ன அளவில் தெளித்தோம். சில நாள் வீடெல்லாம் தைல வாசனை, அப்புறம் அதுவும் போய்விட்டது. மாதம் ஒன்று தாண்டி அம்மா பயறு எடுக்கக் கை விட்டபோது மூட்டைக்குள் வெதுவெதுவென்று இருந்தது. ஒரு பிடி அள்ளி முறத்தில் பரப்பினோம். பயறுக்குப் பயறு வட்ட ஓட்டை. ஓட்டை விழாத பயறுகளின் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள், எல்லாம் முட்டை. முறத்தின் விளிம்பில் பழுப்பு வண்டுகள் ஏறி ஓடிக்கொண்டிருந்தன. மாவாக உதிர்ந்ததை மாட்டுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை, அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

விதைநெல்லை ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பார்த்தோம். தெளித்த மூட்டையில் பாதிகூட முளைக்கவில்லை. அதே களத்து நெல், தெளிக்காத மூட்டையில் இருந்தது, நன்றாக முளைத்தது. சில வாசனை எண்ணெய்கள் விதையின் முளைப்பைக் கெடுக்கும். விற்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன் செய்து கேட்டால், “அண்ணா, வயலிலேயே முட்டை வைத்திருக்கும். புழு பயறுக்குள் போய்விட்டால் மருந்து என்ன செய்யும்?” என்கிறார்கள். இது உண்மைதான். காயாக இருக்கும்போதே வண்டு முட்டை வைத்துவிடும், பொரித்த புழு நேராகத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆனால் இந்த விஷயம் தெரிந்தவர்கள்தான் துண்டுச்சீட்டில் ‘முட்டை முதல் வண்டு வரை’ என்று அச்சடித்திருக்கிறார்கள்!

தாவர எண்ணெயில் சரக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. யூகலிப்டஸில் உள்ள சினியோல், கிராம்பில் உள்ள யூஜினால் இவற்றின் ஆவி வண்டைக் கொல்லும் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதெல்லாம் காற்றுப் புகாத பாத்திரத்தில், அளந்து விட்ட எண்ணெயில். சணல் சாக்கில் தெளித்தால் ஆவி வந்த வழியே போய்விடும், கொஞ்சம் தானியமே உறிஞ்சிக்கொள்ளும். ஆறு மாதம் நிற்க வழியே இல்லை. மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்பதும் பொய். வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் இருக்கிறது, அது நஞ்சு. சாப்பிடும் தானியத்தில் அதைத் தெளிக்கச் சொல்வது அநியாயம்.

பாட்டிலில் இருந்தது சுத்தமான எண்ணெய்தானா என்பதே சந்தேகம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஆவியாகும் எண்ணெய் என்றால் காய்ந்தபின் பிசுக்குக் கறை நிற்காது. எங்கள் தாளில் மறுநாளும் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. லேபிளின் கீழே பொடி எழுத்தில் ‘நறுமணத்துக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. பூச்சி மருந்து என்று விற்றால் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணச் சதுரமும் வேண்டும். இரண்டும் இதில் கிடையாது. யார் வந்து விற்றாலும் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

மிச்சப் பயறை இப்போது நல்ல வெயிலில் காயவைத்து, கிலோவுக்கு 5 மில்லி விளக்கெண்ணெய் பிசறி வைத்திருக்கிறோம். அது முட்டையின் மேல் படிந்து மூச்சை அடைக்கிறது, வாசனையை நம்பி வேலை செய்வதில்லை. விதைக்கு வைப்பதைக் காற்றுப் புகாத பையில் கட்டிவிட்டோம். எதில் வைத்தாலும் நெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள்ளும் பயறில் 10க்குள்ளும் இருக்க வேண்டும்.

கிருஷி பவனில் (பஞ்சாயத்து வேளாண் அலுவலகத்தில்) எழுதிக் கொடுத்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915லும் புகார் பதிந்தாயிற்று. அது நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி வாங்கியவர்கள் பாட்டிலை எறியாதீர்கள். லேபிளையும் துண்டுச்சீட்டையும் படம் எடுத்து, பில் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து, உங்கள் பஞ்சாயத்துக் கிருஷி பவனில் கொடுங்கள். பில் தராவிட்டால் ஜி-பேயில் பணம் போன பதிவே போதும், நானும் அதைத்தான் கொடுத்தேன்.