குட்டி விமான எஞ்சின் சோதனைக்கு ஒரு கட்டை-கயிறு செட்: கட்டை நல்லது, கூட வரும் அட்டை மோசம்

சொந்தமாகக் கட்டிய விமானத்தின் எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்க்கும்போது சக்கரத்துக்கு அடைகொடுக்கிற செட் இது. இரண்டு ஜோடி ரப்பர் கட்டை, மூன்று நைலான் கயிறு, மண்ணில் திருகி இறக்கும் மூன்று ஆணி, லேமினேட் செய்த ஒரு செய்முறை அட்டை.

கட்டையில் குறை இல்லை. உயரம் 14 செ.மீ. சிறு விமானங்களில் போடும் 6.00-6 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 44 செ.மீ. என்பதால் மூன்றில் ஒரு பங்கு உயரம் கிடைத்துவிடுகிறது. அடியில் பல் வெட்டியிருப்பதால் சிமென்டில் நகரவில்லை. எண்ணெய் சிந்திய தரையில் எந்த ரப்பரும் வழுக்கும், துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஜோடியை இணைக்கும் கயிறு ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நீள்கிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள். முழு விசையில் ஓட்டிய பிறகு சக்கரம் முன்கட்டையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். அதை உதைத்து எடுக்கப் போகிறவர் புரொப்பெல்லருக்கு ஒரு கை தூரத்தில் இருப்பார். இதில் எஞ்சினை அணைத்துவிட்டு, இறக்கைக்குப் பின்னால் நின்றே இழுத்துவிடலாம்.

ஆணிதான் சந்தேகம். விமானத்தைக் கட்டிவைக்கும் ஆணி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,000 பவுண்டு, அதாவது 1,360 கிலோ இழுவை தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் வழிகாட்டல். இந்த ஆணியில் எந்த எண்ணும் இல்லை. ஈரமண்ணிலும் மணலிலும் நம்ப வேண்டாம்.

வாலடியில் சிறு சக்கரம் உள்ள வால்சக்கர விமானத்துக்கு, வாலைத் தரையோடு கட்டும் வால் கயிறு இல்லாமல் முழு விசை கூடாது. கணக்கு எளிது. எடை 450 கிலோ, ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்கு 40 செ.மீ. பின்னால் என்றால் வாலை அமுக்கும் திருப்புவிசை (எடையைத் தூரத்தால் பெருக்கியது) 180 கிலோகிராம்-மீட்டர். எஞ்சின் 200 கிலோ இழுக்க, புரொப்பெல்லர் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் மூக்கைக் கவிழ்ப்பது 240. மிச்சத்தைச் சமாளிப்பது, வால் எழாமலிருக்கக் கட்டுப்பாட்டுக் குச்சியை வயிற்றோடு இழுத்துப் பிடிக்கிற கைதான். புதியவர் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கையைத் தளர்த்துவார். வால் எழும், புரொப்பெல்லர் தரையைக் கொத்தும்.

இந்த வால் கயிற்றைப் பற்றி அட்டையில் ஒரு வரிகூட இல்லை. "ஒருவரே செய்யலாம்" என்று மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இருக்கையில் ஒருவர், வெளியே தீயணைப்பானோடு ஒருவர் என்று குறைந்தது இருவர் வேண்டும். உள்ளே இருப்பவருக்கு அந்த எஞ்சினின் குணம் தெரிந்திருக்க வேண்டும். ரோட்டாக்ஸ் 912 எஞ்சினின் கார்புரேட்டரில் திராட்டில் கேபிள் (விசையைக் கூட்டிக் குறைப்பது) கழன்றால் ஸ்பிரிங் அதை முழு விசைக்கு இழுத்துவிடும். ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த சுற்றுக்கு, இறங்கும் என்று நினைப்பவர் வெற்று லீவரை இழுத்துக்கொண்டே இருப்பார். அணைக்க வேண்டியது இரண்டு இக்னிஷன் சுவிட்சையும்.

அட்டையின் கடைசி வரி இன்னும் மோசம்: "பிறகு ஓடுதளத்தில் வேகமாக ஓட்டிப் பாருங்கள்." எவ்வளவு வேகம்? எஃப்ஏஏவின் சோதனைக் கையேடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணிக்கு 5 மைல் வீதம் கூட்டி, கணக்கிட்ட ஸ்டால் வேகத்தில் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) 80 விழுக்காட்டோடு நிறுத்தச் சொல்கிறது. ஒரே ஆள், கொஞ்சம் பெட்ரோல் என்றால் எடை குறைவு, ஸ்டால் வேகமும் குறைவு. வேகமானியோ இன்னும் சரிபார்க்காதது. தரைச் சோதனைதானே என்று உட்கார்ந்தவர் திடீரென்று இரண்டு மீட்டர் மேலே இருப்பார். பதறி விசையை வெட்டி மூக்கை அமுக்கினால் முதலில் உடைவது மூக்குச் சக்கரம். ஆகவே அந்த ரக விமானத்தை அண்மையில் ஓட்டிய, அன்றே பறக்கத் தயாரான விமானிதான் இந்த ஓட்டத்துக்கு உட்கார வேண்டும். அடுத்தடுத்து ஓடினால் பிரேக் கொதிக்கும், இடையில் ஆறவிட வேண்டும்.

கட்டைக்காக வாங்கலாம். ஆணியைத் தனியாக, தாங்கும் எடை பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். சக்கர உறை போட்ட விமானமென்றால் முதலில் இடைவெளியை அளந்துவிடுங்கள், 14 செ.மீ. கட்டை உறையில் இடிக்கும்.