மகளின் போனில் மூன்று வருட ஃபேமிலி லிங்க்

மகள் ஏழாம் வகுப்பு முடித்த 2022 கோடையில் அவளுக்கென்று ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கினோம். பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப்பை அன்றைக்கே போட்டேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும்வரை அது இருந்தது.

புது ஆப் எதையும் அவள் இறக்க நினைத்தால் என் போனுக்குக் கேள்வி வரும். நான் சம்மதித்தால்தான் இறங்கும். இரவு ஒன்பதரைக்குப் போன் பூட்டிக்கொள்ளும். இந்த இரண்டு ஏற்பாடுகளும் மூன்று வருடம் முழுவதும் ஒழுங்காக நடந்தன. அவள் இருக்குமிடத்தைக் காட்டும் வசதியை மட்டும் ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டேன். டியூஷனிலிருந்து கிளம்பும்போது ஒரு மெசேஜ் போடு என்று சொன்னதே போதுமாக இருந்தது.

ஆனால் எனக்கு நேரத்தைவிடப் பெரிய கவலை, அவள் யாரிடம் என்ன தகவலைக் கொடுக்கிறாள் என்பது. ஓர் ஆப்புக்குள் பிள்ளை என்ன தட்டுகிறது என்பதை ஃபேமிலி லிங்க் காட்டாது. காட்டவும் கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் அது புரிந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'ஸ்காலர்ஷிப் டெஸ்ட்' என்று ஒரு லிங்க் சுற்றியது. பெயர், பள்ளி, பிறந்த தேதி, அப்பா நம்பர், ஆதார் நம்பர் என்று ஒரே பக்கத்தில் எல்லாம் கேட்டிருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து கோச்சிங் அழைப்புகள். எங்கள் பெயர், அவள் வகுப்பு, பள்ளி எல்லாம் தெரிந்துகொண்டே பேசினார்கள். பிள்ளை பயந்துபோனாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த முறை சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து அந்தப் படிவத்தை மறுபடி திறந்து, ஒவ்வொரு கட்டமாக 'இது எதுக்கு?' என்று கேட்டுப் பார்த்தோம். தேர்வு எழுதப் பெயரும் வகுப்பும் வேண்டும், சரி. ஆதார் எதுக்கு? அவளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, அவர்கள் தகவலை எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது என்று சொன்னேன். "அப்ப என்கிட்ட நேரா கேட்டதே தப்பாம்மா?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே அன்றைய பொழுது தகும்.

அப்புறம் சில பழக்கங்கள் நிலைத்தன. ஆதார் நகல் கட்டாயம் தேவைப்படும் இடத்தில், முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் நகலைக் கொடுப்போம். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். படிவங்களுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண், முகப்புப் படம் தெரிந்தவர்களுக்கு மட்டும். பணமோ மிரட்டலோ என்றால் உடனே எங்களிடம் சொல்ல வேண்டும், பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும். இந்த எண்ணை அவளே ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

இன்ஸ்டாகிராமைப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகுதான் அனுமதித்தேன். அதன் பதின்வயதினர் கணக்கு 2025-இல் இந்தியாவுக்கும் வந்திருந்தது. தொடங்கும்போதே கணக்கு தனிப்பட்டதாக இருக்கும், 16 வயதுக்குக் கீழிருந்தால் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்ட பிள்ளைகளுக்கு இதில் பயன் குறைவு. அதனால் வயதை உண்மையாகப் போட வைப்பதுதான் பெற்றோரின் முதல் வேலை.

மூன்று வருடத்தில் அதிகம் பலித்தது அந்த 'இது எதுக்கு?' தான். மே மாதம் ரிசல்ட் வந்ததும் சந்தோஷத்தில் அவள் மதிப்பெண் பக்கத்தை அப்படியே ஸ்டேட்டஸ் வைத்தேன். பத்து நிமிடத்தில் போனை நீட்டினாள். "பதிவெண், பிறந்த தேதி ரெண்டும் இதுல இருக்கும்மா. ரிசல்ட் பார்க்க நாம போட்டதே அந்த ரெண்டுதானே?" எடுத்துவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் எழுதிப் போட்டேன்.