ஹா லாங் பே கப்பல் பேக்கேஜ் புக் பண்ணப்போறீங்களா, பாக்கி பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பெங்களூர்ல இப்போ எந்த அப்பார்ட்மெண்ட்ல பாத்தாலும் யாராவது ஒருத்தர் வியட்நாம் போக பிளான் போட்டுட்டு இருக்காங்க, அதனாலதான் இவ்வளவு விரிவா எழுதறேன். ஹா லாங் பேல ரெண்டு நைட் கப்பல்லயே தங்கற மாதிரி இங்க ஒரு டிராவல் ஏஜென்சில பணம் கட்டினோம். கிடைச்சது ஒரே நைட், அதுவும் நாங்க கேக்கவே கேக்காத ஒரு பழைய போட்ல. நாங்க பணம் கட்டின கப்பல்ல எங்க பேர்ல புக்கிங்கே போடலன்றது துறைமுகத்துல போய் நின்னப்புறம்தான் தெரிஞ்சுது. கேஸ் போட்டிருக்கோம், அதனால ஏஜென்சி பேரை எழுத வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. பேர் இல்லாட்டியும் பரவாயில்ல, எப்படி ஏமாத்தறாங்கன்னு தெரிஞ்சா நீங்க தப்பிச்சுக்கலாம்.

அப்பா அம்மாவோட நாப்பதாவது கல்யாண நாளுக்காக போட்ட ட்ரிப் இது. அப்பா எச்ஏஎல்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் சரியில்ல, படி ஏறவே முடியாது. ஆனா கடல்னா உசுரு. அந்த பச்சைத் தண்ணிக்கு நடுவுல பாறை பாறையா எழும்பி நிக்கற போட்டோவை என் ஃபோன்ல பாத்துட்டு இங்க ஒரு வாட்டி போகணும்டின்னு சொன்னாங்க, அதுல ஆரம்பிச்சதுதான். அதனால நான் ஏஜென்ட் கிட்ட மொத நாளே தெளிவா சொன்னது ரெண்டே விஷயம்: பால்கனி வெச்ச கேபின் வேணும், அம்மா எங்கயும் ஏறி இறங்காம உக்காந்த இடத்துல இருந்தே எல்லாத்தையும் பாக்கணும், அப்புறம் லான் ஹா பே ரூட்தான் வேணும்.

ரூட் ஏன் முக்கியம்னு சொல்லிடறேன், ஏன்னா ஏமாத்து வேலை நடக்கற மொத இடமே அதுதான். ஹா லாங் பேன்னு பொதுவா சொல்றோமே தவிர அங்க கப்பல் போற பகுதி மூணு இருக்கு. நடுவுல ஹா லாங், வடகிழக்குல பாய் தூ லாங், தெக்குல காட் பா தீவை ஒட்டி லான் ஹா. பழைய ஹா லாங் ரூட்ல பாக்கற இடம் எல்லாமே படிதான், சுங் சோட் குகைன்னு ஒன்னு, உள்ள பிரமாதமா இருக்கும் ஆனா ஏறி இறங்கணும், டி டாப் தீவுன்னு ஒன்னு, சோவியத் விண்வெளி வீரர் டிட்டோவ் 1962ல வந்துட்டு போனதுக்காக அவர் பேரை வெச்ச தீவு, அங்க உச்சில இருந்து பாக்கணும்னா நானூறு படி ஏறணும். லான் ஹால பெரும்பாலும் பாறைங்க நடுவுல மெதுவா போறது, சின்ன படகு, கயாக், அவ்வளவுதான், கூட்டமும் கம்மி. அம்மாவுக்கு அதுதான் சரி. ஏஜென்ட் என்ன சொன்னாருன்னா ரெண்டும் ஒன்னுதான் மேடம், யுனெஸ்கோ லிஸ்ட்ல ரெண்டும் சேத்துதான் இருக்குன்னாரு. 1994ல ஹா லாங்கை சேத்தாங்க, 2023ல காட் பா பக்கத்தையும் அதோட இணைச்சாங்க, அது உண்மைதான். ஆனா லான் ஹா வேற நகரத்தோட கீழ வருது, பர்மிட் வேற, ரூட் வேற. நான் விடல, லான் ஹான்னு வாட்ஸாப்ல எழுதி வாங்கினேன், கப்பல் பேரையும் எழுதி வாங்கினேன்.

அந்த ஏஜென்ட் வேலூர் பக்கத்துக்காரரு, நல்லா தமிழ் பேசுவாரு, அம்மா கிட்ட ஃபோன்ல நீங்க கவலையே படாதீங்கம்மா எங்க அம்மா மாதிரி பாத்துக்கறேன்னு சொன்னாரு. இதை எழுதும்போது கூட கோவம் வருது. ஒரு வயசான அம்மா கிட்ட அப்படி பேசிட்டு புக்கிங் போடாம இருக்க எப்படி மனசு வந்துச்சுன்னு இன்னைக்கும் எனக்கு புரியல.

நாலு பேருக்கு ஃபிளைட் இல்லாம மொத்தம் 3,70,000 ரூபா, அது மேல டிசிஎஸ்னு, அதாவது ஏஜென்சி நம்ம கிட்ட வாங்கி அரசாங்கத்துக்கு கட்ட வேண்டிய வரி, அப்போ 5 சதவீதம், 18,500. பர்சனல் யுபிஐ நம்பருக்கு போட்டா ஜிஎஸ்டி இல்லாம குறைச்சு தரேன்னாரு, வேணாம்னு கம்பெனி அக்கவுண்டுக்கே பாதி கட்டினோம், மீதியை என் வீட்டுக்காரர் கிரெடிட் கார்டுல கட்டினாரு. அந்த கார்டு பேமெண்ட்தான் பின்னாடி எங்களை கொஞ்சம் காப்பாத்துச்சு.

நவம்பர்ல போனோம், புயல் சீசன் முடிஞ்சு வானம் தெளிவா இருக்கற நேரம். ஹனோய்ல ஓல்டு குவார்ட்டர் ஹோட்டல்ல இருந்து காலைல வேன்ல கூட்டிட்டு போனாங்க, எக்ஸ்பிரஸ்வேல ரெண்டரை மணி நேரம், துவான் சௌ துறைமுகம். அங்க ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனி லவுஞ்ச் இருக்கும், எங்களை வேற ஏதோ கவுண்டர்ல நிக்க வெச்சாங்க. கேட்டா உங்க கப்பல் மெயின்டனன்ஸ்ல இருக்கு, அதே தரத்துல வேற கப்பல் குடுத்திருக்கோம்னு கைடு சொன்னாரு. பத்து நிமிஷம் கூட ஆகல, நாங்க புக் பண்ண கப்பலோட பேரை போட்ட பேகோட ஒரு குடும்பம் எங்க முன்னாடி போகுது. என் வீட்டுக்காரர் அவங்க பின்னாடியே போய் அந்த லவுஞ்சை கண்டுபிடிச்சாரு. டெஸ்க்ல இருந்த பொண்ணு எங்க நாலு பாஸ்போர்ட்டையும் வாங்கி பாத்துச்சு, தேதி மாத்தி பாத்துச்சு, ஏஜென்சி பேர் போட்டு பாத்துச்சு. இல்ல. கேன்சல் ஆனதும் இல்ல, புக்கிங் வந்ததே இல்ல. கப்பல் மெயின்டனன்ஸ்ல எல்லாம் இல்ல, இன்னைக்கு மதியம் கிளம்புதுன்னு சொல்லிட்டு, கேபின் எல்லாம் ஃபுல்னும் சொல்லிச்சு. அதையே ஒரு ஈமெயில்ல எழுதி தர முடியுமான்னு கேட்டோம், உடனே தந்துச்சு, ரொம்ப நல்ல பொண்ணு.

நம்ம கிட்ட இருக்கற வவுச்சர் ஏஜென்ட் அவரே கம்ப்யூட்டர்ல அடிச்சு லோகோ ஒட்டி அனுப்பற பேப்பர். கப்பல் கம்பெனி குடுக்கற புக்கிங் கோட் வேற. இங்க இருக்கற ஏஜென்ட் நேரா கப்பல் கிட்ட வாங்கறதில்ல, நடுவுல ஹனோய்ல ஒரு லோக்கல் ஆபரேட்டர் இருப்பாரு, அவர் கிட்ட கம்மி ரேட்டுக்கு என்ன கிடைக்குதோ அதை வாங்கிட்டு நம்ம கிட்ட பெரிய கப்பல் பேரை சொல்லி விக்கறாங்க. பில்லு அடில சின்னதா "அல்லது அதே தரத்தில் வேறு"ன்னு ஒரு வரி இருக்கும், அதை வெச்சுதான் இவ்வளவும் பண்றாங்க. நம்ம ஏஜென்டுக்கு ஃபோன் போட்டா அது சிஸ்டர் ஷிப் மேடம், ஆயிடும், ஒன்னும் பிராப்ளம் இல்லன்னு கட் பண்ணிட்டாரு, அப்புறம் எடுக்கவே இல்ல. மதியம் எல்லா கப்பலும் ஒரே நேரத்துல கிளம்பிடும். அம்மா வெயில்ல பெட்டி மேல உக்காந்திருக்காங்க. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் ஏறித்தான் ஆகணும், அவங்களுக்கும் அது தெரியும்.

தூரத்துல இருந்து பாத்தா எல்லா கப்பலும் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கும், 2012ல இருந்து டூரிஸ்ட் போட் எல்லாம் வெள்ளை பெயிண்ட் அடிக்கணும்னு அங்க உத்தரவு போட்டிருக்காங்க. அதனால ஏஜென்ட் அனுப்பற போட்டோவை வெச்சு புது ஸ்டீல் கப்பலா பழைய மரக் கப்பலான்னு சொல்லவே முடியாது. உள்ள போனாதான் தெரியுது. எங்க கேபின் கீழ் தளத்துல, இஞ்சின் பக்கத்துலயே. பால்கனி கிடையாது, வட்டமா ஒரு ஜன்னல், அதுல தண்ணிதான் தெரியும். டீசல் நாத்தம், ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம். கேபினுக்கு இறங்கறதுக்கே செங்குத்தா படி, அம்மாவை நானும் அப்பாவும் ரெண்டு பக்கமும் புடிச்சு இறக்கினோம். லைஃப் ஜாக்கெட் அலமாரி மேல கட்டி வெச்சிருந்தாங்க, எப்படி போடணும்னு யாரும் சொல்லித்தரல. 2025 ஜூலைல அங்க ஒரு டூரிஸ்ட் போட் திடீர் புயல்ல கவுந்து முப்பது பேருக்கு மேல செத்துப்போனாங்களே, அதுக்கப்புறமும் இப்படி இருந்தா என்ன சொல்றது. நானே நாலு ஜாக்கெட்டையும் அவுத்து கட்டில் மேல வெச்சேன்.

சாப்பாடு பத்தி சுருக்கமா சொல்றேன். சுத்த சைவம்னு எழுதி குடுத்தது அந்த போட்டுக்கு போகவே இல்ல. கீரை கூட மீன் சாஸ்ல வதக்கினது. சர்வ் பண்ற பையன் ஒருத்தன் அம்மா சாப்பிடாம இருக்கறத பாத்துட்டு தக்காளி போட்டு டோஃபு தனியா செஞ்சு எடுத்துட்டு வந்தான், அவனுக்கு எங்க வீட்டு ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. ஊரு மேலயோ அங்க இருக்கற ஜனங்க மேலயோ எனக்கு ஒரு குறையும் இல்ல, பே அவ்வளவு அழகு, ஆயிரக்கணக்கான வருஷமா தண்ணி அரிச்சு பாறை அடில குடைஞ்சு வெச்சிருக்கறதை பக்கத்துல பாக்கும்போது பேச்சே வரல. ஆனா எல்லாரும் குகைக்கும் தீவுக்கும் போனப்போ அம்மா டெக்ல ஒரு பிளாஸ்டிக் சேர்ல தனியா உக்காந்திருந்தாங்க, ஏன்னா இது படி ஏறற ரூட்டு. நான் பணம் குடுத்தது இதுக்கு இல்ல.

ரெண்டாவது நாள் காலைல டிஃபன் முடிஞ்சதும் பெட்டியை வெளிய வைங்கன்னு சொல்றாங்க. எங்களுக்கு இன்னொரு நைட் இருக்குன்னோம். உண்மையான ரெண்டு நைட் ட்ரிப்ல என்ன நடக்கும்னா, பெரிய கப்பல் ஒரு நைட் ஆளுங்களை இறக்க துறைமுகம் திரும்பும், ரெண்டு நைட் ஆளுங்களை மட்டும் ஒரு சின்ன படகுல ஏத்தி இன்னும் உள்ள தள்ளி கூட்டிட்டு போயிட்டு சாயங்காலம் திரும்ப கப்பல்ல சேப்பாங்க, மூணாவது நாள்தான் இறங்கணும். எங்க கைடு அவரோட ஃபோன்ல வந்த ஆர்டரை காட்டினாரு: நாலு பேர், ஒரு நைட், கீழ் தளம், அடுத்த நைட் கரையில இருக்கற பாய் சாய்ன்ற ஊர்ப்பகுதில ஹோட்டல். பெங்களூர்ல இருந்து புக் ஆனதே அவ்வளவுதான். கேட்டதும் அதை போட்டோ எடுக்க விட்டாரு. பாய் சாய் ஹோட்டல் ரூம்ல ஜன்னலைத் திறந்தா எதிர் கட்டிடத்து சுவர், ராத்திரி பூரா கீழ கரோக்கே. அப்பா ஒரு வார்த்தை பேசல, புரியாத டிவி சேனலை போட்டு பாத்துட்டே இருந்தாரு.

திரும்பி வந்து முருகேஷ்பாளையால பெட்டியை வெச்ச மறுநாளே ஏஜென்சிக்கு போனோம். ஊட்டில ரெண்டு நைட் ஃப்ரீ வவுச்சர் தரோம்னாங்க, ரிவ்யூ மட்டும் போடாதீங்கன்னாங்க. வாங்கல. கார்டுல கட்டின பாதிக்கு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டோம், கப்பல் டெஸ்க் ஈமெயிலும் கைடோட ஆர்டர் போட்டோவும் குடுத்ததும் அந்த பணத்தை தற்காலிகமா திருப்பி கிரெடிட் பண்ணியிருக்காங்க. மீதிக்கு மொதல்ல 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணோம், அப்புறம் வக்கீல் நோட்டீஸ், அதுக்கும் பதில் இல்லன்னதும் இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல கன்ஸ்யூமர் கேஸ். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நம்ம வீடு இருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம் யாரும் பாக்கறதில்ல. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு நம்ம கிட்ட வாங்கற டிசிஎஸ் நம்ம பான் நம்பர்ல கட்டப்பட்டு 26ஏஎஸ்ன்ற வருமான வரி ஸ்டேட்மெண்ட்ல வரணும், ரிட்டர்ன் போடும்போது நமக்கு திரும்ப கிடைக்கற காசு அது. எங்களோட 18,500 இன்னைக்கு வரைக்கும் அதுல இல்ல. கட்டவே இல்ல. போன வருஷம் இதே மாதிரி பேக்கேஜ்ல போனவங்க உங்களோடதையும் எடுத்து பாருங்க.

இனிமே போறவங்க, பாக்கி பணம் கட்டறதுக்கு முன்னாடி கப்பல் கம்பெனிக்கு நீங்களே ஒரு ஈமெயில் போடுங்க, இந்த தேதி, இந்த பேர், எத்தனை நைட் போட்லயே, எந்த தளம், எந்த பேன்னு கேளுங்க, அவங்க ஒரு நாள்ல பதில் போடறாங்க. "அல்லது அதே தரத்தில் வேறு"ன்ற வரியை பில்லுல இருந்து அடிக்க சொல்லுங்க, அடிக்க மாட்டேன்னா அந்த ஏஜென்ட் வேணாம். ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் போறதா இருந்தா, புயலுக்கு துறைமுகத்தை மூடினா பணம் யார் கிட்ட இருந்து எப்போ வரும்னு தனியா எழுதி வாங்குங்க. விசாவுக்கு வியட்நாம் அரசாங்க சைட்லயே நீங்களே போட்டுக்கலாம், ஒரு என்ட்ரிக்கு 25 டாலர்தான், எங்க பில்லுல அதுக்கு ஆளுக்கு 5,500 ரூபா போட்டிருந்தாங்க.

இந்திராநகர், டொம்ளூர் பக்கம் ஏதாவது ஏஜென்சில இதே மாதிரி கப்பல் மாத்தி ஏத்தி விட்டிருந்தா உங்க பில்லையும் வவுச்சரையும் தூக்கி போடாம எனக்கு எழுதுங்க. ஒரே ஏஜென்சி மேல பல பேருக்கு ஒரே குறை இருந்தா கன்ஸ்யூமர் கமிஷன் அனுமதியோட சேந்து கேஸ் நடத்தலாம்னு வக்கீல் சொன்னாரு. இதுவரைக்கும் ரெண்டு குடும்பம் பேசியிருக்காங்க.