மண்ணடியில் ஒரு பியூரெட் கடை

மணலியில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, வேதியியல் ஆசிரியை ஆக வேண்டும் என்று பி.எட். சேர்ந்தவள் நான். இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சி நடக்கிறது. எனக்குக் கிடைத்த பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான்கே பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும், அடியில் திருகு வைத்த அளவுக்கோடுள்ள குழாய்); அதில் இரண்டு ஒழுகுகின்றன. ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செறிவு காணும் தரம்பார்த்தலை மூன்று முறை செய்து மூன்று அளவு வந்தால், பிள்ளைகள் தவறு தங்களுடையது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சொந்தப் பணத்தில் ஒன்று வாங்கப் போனேன்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி, பிராட்வே பக்கமாக நடந்தால் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த ஆய்வகச் சாமான் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும்.

கடைப் பெரியவர் விலை சொல்வதற்கு முன், "எதை ஊற்றப் போகிறீர்கள், டீச்சரம்மா?" என்று கேட்டார். இன்னும் ஆகாத டீச்சர். ஆனாலும் மனம் நிறைந்துவிட்டது. பெர்மாங்கனேட் என்றேன். ரப்பர் குழாய் வைத்த மலிவான பியூரெட்டை உடனே ஓரமாக வைத்துவிட்டார். பெர்மாங்கனேட் ரப்பரை அரித்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடும் உண்டு என்றதும், கண்ணாடித் திருகாக இருந்தால் வேலை முடிந்த கையோடு கழுவச் சொன்னார்; விட்டால் இறுகிப்போகுமாம். டெஃப்ளான் திருகு வைத்தது 850 ரூபாய், கண்ணாடித் திருகு 420. என் கைக்கு எட்டியது 420தான். விலை கூடியதை என் தலையில் கட்ட அவர் முயலவில்லை.

பிறகு திருகை உருவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, துளையை விட்டுத் தள்ளி இரண்டு பக்கமும் மெல்லிய கோடாக வாசலின் தடவினார். உள்ளே செருகிச் சுற்றச் சுற்ற, மங்கலாக இருந்த கண்ணாடி தெளிந்துகொண்டே வந்தது. முழுச் சுற்றும் தெளிந்தால் ஒழுகாது. பூஜ்யம் வரை தண்ணீர் நிரப்பித் தாங்கியில் மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்து கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். நீர்மட்டம் அரைக் கோடு கூட இறங்கவில்லை.

குறையும் உண்டு. கூடவே வாங்கிய ஆறு சோதனைக் குழாய்களில் இரண்டு, முதல் சூட்டிலேயே விரிசல் விட்டன. திரும்ப எடுக்க மாட்டார்கள். குழாய் வாங்கினால் சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடிதானா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பெர்மாங்கனேட்டோடு சேர்க்கக் கந்தக அமிலம் கேட்டேன். தலைமையாசிரியர் கடிதம் வேண்டும் என்றுவிட்டார். அமில வீச்சுகளைத் தடுக்கத்தான் அமில விற்பனைக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது என்று தெரிந்தவர்கள் அந்த அலைச்சலைக் குறை சொல்ல மாட்டார்கள்.

முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் இரவில் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடத்துக்கு 110 மதிப்பெண், கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. பியூரெட்டைக் கையில் கொடுத்துப் பார்க்கும் மதிப்பெண் ஒன்று கூட இல்லை. ஆய்வகத்தில் தானியங்கிக் கருவியோடு பழகிய எனக்கு, அந்தப் பாடம் இந்தக் கடையில்தான் கிடைத்தது. பயிற்சி ஆசிரியர்களே, கூட்டமில்லாத முற்பகலில் போங்கள். நின்று பேச நேரம் இருக்கும்.

பியூரெட்டை ஒரு பிவிசி குழாய்த் துண்டுக்குள் விட்டு, இரு முனையிலும் செய்தித்தாள் அடைத்துத் தந்தார். மெட்ரோ நெரிசலிலும் ஒன்றும் ஆகவில்லை. குழாயைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அடுத்து வாங்குபவருக்காக.