யமஹா பி-45: மனோதர்மத்துக்குத் தாங்குமா?

இந்த டிஜிட்டல் பியானோவில் 88 கட்டைகள்; அழுத்தும்போது கீழ்ஸ்தாயியில் கனம், மேலே லேசு. நவீன கிளாசிக்கல் பாணியில் கற்பனையாக வாசிக்க அந்தக் கனம் அவசியம். இடக்கையில் ஸி–எஃப்–பி ஃபிளாட் என நான்காம் ஸ்வர இடைவெளியில் ஏறும் சதுர்த்த அடுக்கு. வலக்கையில் அரைத்தொனி, முழுத்தொனி மாறிமாறி வரும் எட்டுஸ்வர வரிசை. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் பயன்படுத்திய இந்த வரிசைக்கு, எங்கிருந்து தொடங்கினாலும் மூன்றே வெவ்வேறு ஸ்வரத் தொகுதிகள்தான் என்பதால் விரலுக்குச் சீக்கிரம் பழகும்.

சிக்கல், ஒலியை நீட்டிக்கும் பெடலில். ஒரே நேரத்தில் ஒலிப்பது 64 ஸ்வரங்கள்தான். பெடலை விடாமல் பத்துப்பத்து ஸ்வரக் கொத்தாக அடுக்கினால், ஏழாவது கொத்தில் பழைய ஒலி அறுந்துவிடும். கூட வரும் பெடல் வெறும் சுவிட்ச்; பாதி மிதித்து ஒலியைக் கொஞ்சமாக நீட்டும் அரைப்பெடல் நுணுக்கம் அதில் கிடையாது. கீழ்ஸ்தாயிக் கொத்துகள் 6 வாட் ஸ்பீக்கரில் குழம்பும், ஹெட்போன் மாட்டுங்கள்.

பேட்டரி இல்லை, 12 வோல்ட் அடாப்டர் மட்டுமே. கரண்ட் போனால் வாசிப்பும் போச்சு. காட்பாடியோ சத்துவாச்சாரியோ, இன்வெர்ட்டர் பிளக்கில் செருகுங்கள். ஆனால் வேலூர் வெயிலில் சுருதி இறங்காது!